கம்பம் இல்லாத கடற்கரைச் சாலை

மருந்துக்கடைக்காரருக்கு உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள்தான். பழைய காட்சி அட்டையின் வயதைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர்கள் ஒரு வகை. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னொரு வகை. முதல் வகையை அவர் பொறுத்துக்கொள்வார். மாத்திரை வாங்க வருகிறவர்கள் எல்லாம் அந்த வகைதான், அவர்களை விரட்டினால் கடை என்னாவது? இரண்டாவது வகையைக் கண்டால்தான் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் சேர்த்தது சொந்த ஊரின் அட்டைகளை மட்டும். தபால் அட்டையின் ஒரு பக்கத்தில் கடற்கரைச் சாலை, கலங்கரை விளக்கம், ரயில் நிலையம் என்று படம் போட்டு, ஊர் பார்க்க வந்தவர்கள் வீட்டுக்கு அனுப்புவதற்காக ஒரு காலத்தில் கடைக்குக் கடை தொங்கவிட்டு விற்றார்களே, அந்த அட்டைகள். கடையின் பின்னறையில் மருந்து வைக்க வேண்டிய இழுப்பறைகளில் பாதியை அவை பிடித்துக்கொண்டன. இருமல் மருந்து படிக்கட்டுக்கு அடியில் கிடந்தது. அட்டைகளை அவர் இடுக்கியால்தான் எடுப்பார். கட்டைவிரலை அழுத்திப் பிடித்துப் பார்த்தவன் எவனும் இரண்டாம் தடவை அந்த அறைக்குள் நுழைந்ததில்லை.

அட்டை சேர்ப்பவர்களின் சங்கம் ஒன்று ஊரில் இருந்தது. அதில் அவரும் இருந்தார், மற்றவர்களை மட்டம் தட்ட ஓர் இடம் வேண்டுமே என்பதற்காக.

"முத்திரையப் பாத்து வருஷம் சொல்றானுங்க," என்று மனைவியிடம் பொரிந்து தள்ளுவார். "முத்திரை தபால்காரன் குத்துனது. படம் எடுத்தவனா குத்துனான்? அட்டை கடையில பத்து வருஷம் தொங்கிட்டு அப்புறம் வித்திருக்கும். இது கூடத் தெரியல, இவனுங்களுக்கெல்லாம் ஒரு பூதக்கண்ணாடி!"

"சரி, சாப்பிடுங்க," என்பாள் மனைவி. அவளுக்கு இதெல்லாம் காதில் ஏறி இறங்கிப் பழகிவிட்டது.

பின்பக்கத்தைப் பார்த்து வயது சொல்பவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. நடுவில் கோடு போட்டு, ஒரு பாதியில் விலாசமும் மறுபாதியில் சேதியும் எழுத விட்ட அட்டை பிந்தியது, கோடு இல்லாதது முந்தியது என்பது யாருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அதுவும் அச்சடித்த காலத்தைத்தான் சொல்லும். அட்டை போட்டவர்கள் ஒரே படத்தை வருஷக்கணக்கில் அரைத்த மாவாக அரைத்தவர்கள். படம் எடுத்த காலம் படத்துக்குள்ளேதான் இருக்கிறது என்பது அவர் கட்சி. அதைச் சின்னப் புத்தகமாகவே அச்சடித்துச் சங்கத்துக்காரர்கள் தலையில் கட்டியிருந்தார். படத்தில் எது இல்லை என்று பார், அது வருவதற்கு முன் எடுத்தது என்று தெரிந்துகொள். அதுதான் அவருடைய விதி.

அந்த விதியால் பிறந்ததுதான் அவருடைய மகுட அட்டை. கடற்கரைச் சாலை நீளமாகக் கிடக்கிறது, கோடியில் மணிக்கூண்டு நிற்கிறது, ஆனால் ஒரு விளக்குக் கம்பம்கூட இல்லை. சாலைக்கு விளக்கு போட்ட வருஷம் நகரசபைக் கல்வெட்டில் இருக்கிறது. ஆகவே படம் அதற்கு முந்தியது. சாலையின் குறுக்கே தெரிந்த கறுப்புப் பட்டைகளைக்கூட அவர் சும்மா விடவில்லை. அது புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்த ஈரம், தார் போடாத காலத்துக்கு அதுவே சாட்சி என்று புத்தகத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தார். அந்தப் பத்தியைப் பற்றி அவருக்குத் தனிப் பெருமை.

இந்த நேரத்தில் நூலகத்துக்குப் புதுக் கூடம் கட்டினார்கள். வாசலில் ஒரு கண்ணாடிப் பேழை. ஊரின் மிகப் பழைய காட்சி அட்டை அதில் நிரந்தரமாக இருக்கும், கீழே பித்தளைத் தகட்டில் கொடுத்தவர் பெயர் இருக்கும் என்று நூலகர் அம்மா அறிவித்தார். மருந்துக்கடைக்காரருக்கு அதன்பிறகு வேறு நினைப்பே இல்லை. கடையைப் பிள்ளைகள் பார்க்கப்போவதில்லை. தான் போனபிறகு தன் பெயர் எங்காவது இருக்கும் என்றால் அது அந்தத் தகட்டில்தான். ஊரில் உள்ள அத்தனை மூடர்களும் நூலகத்துக்குள் போகும்போதெல்லாம் அதைப் படித்துவிட்டுத்தான் போகவேண்டும். இந்த நினைப்பில் அவருக்கு ராத்தூக்கம்கூட நன்றாக வந்தது.

போட்டிக்கு வந்தவன் டயர்.

டயர் என்பது மனைவியின் தம்பி. டயர் கடை வைத்திருந்ததால் சின்ன வயதுப் பையன்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள், அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். அக்கா புருஷன் சேர்க்கிறாரே என்று அவனும் அட்டை சேர்த்தான். எந்த ஊர் என்று இல்லை, அழகாக இருந்தால் போதும். அருவி, சூரியன் மறைவது, கூடைக்குள் பூனைக்குட்டி. எல்லாவற்றையும் ஒரு ரப்பர் வளையத்தில் இறுக்கிப் போட்டு வைத்திருந்தான். ரப்பர் அட்டையின் ஓரத்தைக் கடிக்கும் என்று மருந்துக்கடைக்காரர் ஒருமுறை கத்தினார். மறுநாள் அவன் இரண்டு வளையம் போட்டுக்கொண்டு வந்தான்.

"மாமா, பழைய பெட்டி ஒண்ணு வாங்கினேன், அதுல இது கெடந்தது. நம்ம ஊர் மாதிரி இருக்குல்ல?" என்று அவன் ஓர் அட்டையை நீட்டினான். கிரீஸ் விரலால்.

கடற்கரைச் சாலைதான். அதே அட்டைக் கம்பெனி, லேசாகச் சாயம் பூசியது. கம்பங்கள் இல்லை. மணிக்கூண்டும் இல்லை.

மருந்துக்கடைக்காரர் அட்டையை அவனிடமே திருப்பி நீட்டினார். "ஒண்ணுமில்ல மாப்ள, சாதாரண அட்டை. வீட்டுல வை," என்றார்.

அவன் வீட்டில் வைக்கவில்லை. நேராக நூலகர் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். பெருமைக்காக அல்ல. ஊர்ப் படம்தானே, ஊருக்கே இருக்கட்டும் என்று கொடுத்தான். அப்படிப்பட்ட ஆளை என்ன சொல்லித் திட்டுவது?

தீர்மானிக்கிற நாளில் நூலகக் கூடத்தில் நீள மேஜை போட்டிருந்தார்கள். சங்கத்துக்காரர்கள் சுற்றி நின்றார்கள், தங்கள் அட்டைகள் முதல் சுற்றிலேயே அடிபட்டுப் போனதால் அடுத்தவன் அட்டை அடிபடுவதைப் பார்க்க ஆசையாக. இரண்டு அட்டைகளும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. நூலகர் அம்மா மருந்துக்கடைக்காரரின் புத்தகத்தையே கையில் வைத்திருந்தார்.

"உங்க விதிப்படியே பாத்தேங்க," என்றார் அவர். "உங்க அட்டையில மணிக்கூண்டு இருக்கு. உங்க மச்சினர் அட்டையில இல்ல. அப்போ மணிக்கூண்டு கட்டறதுக்கும் முன்னாடி எடுத்தது. அதுதானே பழசு?"

சங்கத்துக்காரர்களின் முகங்களில் வெளிச்சம் பரவியது. இத்தனை காலம் வாங்கிக் கட்டிக்கொண்ட வசவுக்கெல்லாம் வட்டி வந்தது போல இருந்தது அவர்களுக்கு. டயர் மட்டும் பதறிப்போனான். "ஐயோ, மாமா அட்டையே இருக்கட்டும்மா, எனக்கு அதெல்லாம் வேண்டாம்," என்றான்.

அந்தப் பெருந்தன்மைதான் மருந்துக்கடைக்காரரை உலுக்கியது. இந்தப் பயல் விட்டுக்கொடுத்துத் தான் வாங்குவதா! "கொஞ்சம் பொறுங்க," என்று பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார்.

ஸ்டுடியோவில் தூரிகையால் படத்தை டச்சப் செய்வார்கள் என்பது அவர் அறியாததல்ல. மணிக்கூண்டு ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு அசிங்கமாக இருந்திருக்கும், வானத்தைப் பூசி மறைத்திருப்பான். அந்தப் பூச்சின் தடத்தைப் பிடித்தால் போதும். வானத்தை அங்குலம் அங்குலமாகத் தேடினார். சாயத்துக்கு அடியில் ஒன்றும் பிடிபடவில்லை. மெதுவாகக் கண்ணாடி கீழே இறங்கிச் சாலைக்கு வந்தது.

சாலையின் குறுக்கே கறுப்புப் பட்டைகள். ஒரே இடைவெளியில், ஒரே சாய்வில். இரண்டாவது பட்டையின் நுனியில் ஒரு சின்னக் குமிழ் இருந்தது. விளக்கின் குமிழ்.

பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. கம்பங்களைப் பூசி அழித்தவன் தரையில் கிடந்த நிழல்களை அழிக்க மறந்திருக்கிறான். கம்பம் இருந்த காலத்தில்தான் படம் எடுத்திருக்கிறார்கள். மணிக்கூண்டு விளக்குகளுக்கும் முன்பே கட்டியது, அதையும் அவனே மறைத்திருப்பான். டயரின் அட்டை ஒழிந்தது!

நிமிர்ந்தபோது அவர் கண் தன் அட்டையில் பட்டது. அதிலும் பட்டைகள். அதே இடைவெளி, அதே சாய்வு. தண்ணீர் தெளித்த ஈரம் என்று அவர் ஒரு பத்தி எழுதி வைத்திருந்த பட்டைகள். கண்ணாடியை நகர்த்தினார். குமிழும் இருந்தது.

யாரும் இன்னும் பார்க்கவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் டயரின் பெயர் தகட்டில் ஏறும், அவருடைய அட்டை இரண்டாவது பழையதாக மரியாதையோடு வீட்டுக்குப் போகும். புத்தகம் பிழைக்கும். வாயைத் திறந்தால் இரண்டும் சேர்ந்து போகும். ஒன்றை மட்டும் சொல்லவும் வழியில்லை, இரண்டு அட்டையும் ஒரே மேஜையில் கிடக்கின்றன.

தகட்டில் இவன் பெயர். கிரீஸ் விரல்காரன். பூனைக்குட்டிக்காரன். முடியாது, அவரால் முடியவே முடியாது.

"ரெண்டுமே தப்பு," என்றார். "நிழலப் பாருங்க. கம்பத்த அழிச்சிருக்கான், நிழல அழிக்கல. என் அட்டையிலயும் அப்படித்தான். என் புத்தகத்துல எழுதினதும் தப்பு."

ஒவ்வொருவராகக் கண்ணாடியை வாங்கிக் குனிந்து பார்த்தார்கள். எகிறிக் குதித்துச் சிரிப்பார்கள் என்று அவர் காத்திருந்தார், அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை. நூலகர் அம்மாவின் கண் கலங்கியிருந்தது. "சொந்தப் புத்தகத்தயே தப்புன்னு சொல்ல எத்தன பேருக்குங்க மனசு வரும்?" என்றார். யாரோ ஒருவன் கைதட்டினான். சங்கமே கைதட்டியது. அவர் வாயால் மூடன் என்று பட்டம் வாங்காதவன் ஒருவன்கூட அந்தக் கூட்டத்தில் இல்லை, அத்தனை பேரும் தட்டினார்கள்.

டயர் வந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். வெள்ளைச் சட்டையில் கிரீஸ் அப்பியது.

பேழைக்கு வேறு அட்டை தேட வேண்டாம் என்று முடிவாயிற்று. இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்து, மேலே ஒரு பூதக்கண்ணாடி பொருத்தினார்கள், பார்க்க வருகிறவர்களுக்கு நிழல் தெரியட்டும் என்று. பித்தளைத் தகட்டில் அவர் பெயரும் டயர் பெயரும் ஒரே வரியில் ஏறின. அடுத்த வரியில், உண்மைக்காகத் தன் பெருமையை விட்டவர் என்று அவரைப் பற்றிப் பொறித்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டுகிறார்கள்.

ஒருநாள் அவர் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தார். டயர் யாரோ வெளியூர்க்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தான். "எங்க மாமா நெனச்சிருந்தா பேசாம இருந்திருக்கலாங்க. ஆனா எனக்குப் பொய்யான பேர் வந்துடக் கூடாதேன்னு பாத்தார். அவ்வளவு பாசம் என் மேல."

மருந்துக்கடைக்காரர் வாயைத் திறந்தார். ஒரு மடையனுக்கு எதிரில் சொல்ல வார்த்தை வராமல் அவர் நின்றது அதுதான் முதல் தடவை. வந்த வழியே வீட்டுக்குப் போனார்.

மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றக்கூட இல்லை.

"ஒன் தம்பி ஒரு முட்டாள்."

"தெரியும்," என்றாள் அவள், தலை நிமிராமல். "அவன் ஜெயிச்சுடக் கூடாதுன்னுதான் நீங்க அன்னைக்கு வாயத் தொறந்தீங்கன்னும் தெரியும்."

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"அவங்கிட்ட சொல்லிடவா?" என்றாள்.

"வேண்டாம்," என்றார் அவர், கெஞ்சுகிற குரலில்.