கடல்பாசி

கண்ணாடித் தட்டின் ஓரத்தில் பிளேடு நுனியைக் கொடுத்து நெம்பியதும் தாள் கிழியாமல் முழுசாக வந்தது. யுவராணி அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். வெங்காயத்தின் உள்தோல் மாதிரி இருந்தது. லேசாகக் காடி வாசனை. எலிகளின் முதுகில் இந்தத் தாள் நன்றாக வேலை செய்திருந்தது. கிருமி அண்டவில்லை. புண் சீக்கிரம் மூடியது. பஞ்சுக்கட்டைப் போல உரித்தெடுக்கவும் வேண்டாம், அதுவே கரைந்துவிடும். மனிதர்கள் மேல் போட்டுப் பார்க்க அனுமதி வாங்க வேண்டும், அதற்கு இன்னும் நாளாகும் என்று கோமளா மேடம் சொல்லியிருந்தார். அவர்தான் அவள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி. அன்று சாயங்காலம் யுவராணி தாளை ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு, டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டு, நசரத்பேட்டைக் கல்லூரியிலிருந்து பூந்தமல்லி வந்து ஆவடி பஸ் ஏறினாள்.

அவள் அப்பா ஜம்புலிங்கம் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். அந்தக் கார்த்திகையில் பதினெட்டாவது முறையாகச் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். பதினெட்டாம் வருஷம் போகிறவர் இருமுடியோடு ஒரு தென்னங்கன்றும் எடுத்துப் போய் மலையில் நட வேண்டும். கன்றை அவர் முன்கூட்டியே வாங்கி வந்துவிட்டார். வாசலில் சாக்குப்பையில் நின்றது. காலையில் குளித்துவிட்டு வந்து தன் தலையைத் துவட்டும் முன் அதற்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவார்.

மாலை போட்டவர் செருப்பு போடக் கூடாது. பட்டறையில் வெறுங்காலோடு நின்றபோது இரும்புச் சுருள் ஒன்று பாதத்தில் ஏறியது. சர்க்கரை உடம்பு. புண் வாய் மூடவில்லை. இந்தக் காலோடு மலையேறக் கூடாது என்றார் டாக்டர். அம்மா சாமுண்டீஸ்வரி மாலையைக் கழற்றச் சொல்லி மூக்கைச் சிந்தினாள். குருசாமி ஜெகதீசனே வீட்டுக்கு வந்து, கோயிலில் வைத்துக் கழற்றிக்கொள்ளலாம், குத்தம் ஒன்றுமில்லை, அடுத்த வருஷம் கன்றை எடுத்துப் போகலாம் என்றார்.

"அடுத்த வருசம் நான் கீறனோ இல்லியோ சாமி," என்றார் அப்பா.

அந்தப் புண்ணை முதலில் பார்த்தபோது யுவராணிக்கு வந்தது பயமில்லை. ஓரங்கள் எலியின் புண்ணைப் போல ஒழுங்காக இல்லை என்றுதான் தோன்றியது. இதன் மேல் தாள் எப்படி உட்காரும் என்று மனசு அளவெடுக்க ஆரம்பித்துவிட்டது. அப்பா காலை முக்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்தாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மகள் படித்தவள், ஏதாவது இருக்கும்.

மாலை போட்டால் எல்லோரும் சாமி. மற்ற நாளில் நைனா என்று கூப்பிடுகிற யுவராணி அவரைச் சாமி என்றாள். அவரும் அவளைச் சாமி என்றார்.

"இன்னா சாமி இது, ஊறுகா வாசன அடிக்கிது?"

"மருந்துதான் சாமி. கடல்லேர்ந்து எடுக்கிறது. மேல வெச்சிட்டா போதும், கரைஞ்சிடும்."

"கடப்பாசியா? ரம்ஜானுக்கு இஸ்மாயில் பாய் ஊட்லேர்ந்து குடுத்து அனுப்புவாங்களே, வழவழன்னு, அதானா?"

யுவராணி ஆமாம் என்பது போலத் தலையை ஆட்டினாள்.

கடல்பாசியில் தாள் செய்கிறவள் ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரி. யுவராணியின் தாள் எறா ஓட்டில், இறாலின் மேலோட்டில் செய்தது. முதல் வருஷம் காசிமேட்டிலிருந்து கோணியில் ஓடு அள்ளி வந்து, கழுவி, காயவைத்து, அரைத்து, அமிலத்தில் ஊறப்போட்டிருக்கிறாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார ஆள் வராது. இப்போது வெள்ளைப் பொடியாகப் புட்டியில் வருகிறது. வாசனை இல்லை, நிறமில்லை. எறா என்பதே மறந்துபோய்விட்டது என்று பிறகு பலமுறை தனக்குச் சொல்லிப் பார்த்தாள். மறக்கவில்லை. தலையை ஆட்டியபோது நன்றாக ஞாபகம் இருந்தது. விரதத்துக்காக வீட்டில் முட்டைகூட வாங்காத நாட்கள். அவள் தன் விலக்கு நாட்களில் மாங்காட்டில் அத்தை வீட்டுக்குப் போய்த் தங்கினாள். அதில் நம்பிக்கை இல்லாவிட்டாலும் அவருக்காகப் போனாள். அப்படிப் போய்வந்த பெண்தான் அவர் சதையில் எறாவை வைத்தாள். வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால் புண் ஆறாமல் அவரோடு மலைக்குப் போயிருக்கும். ஆராய்ச்சிக்கு எடுத்த படமும் வீணாகப் போயிருக்கும். இரண்டில் எதை நினைத்துத் தலையாட்டினோம் என்பதைத்தான் அவளால் தனக்கே சொல்லிக்கொள்ள முடியவில்லை.

புண் ஆறியது. சீழ் நின்றது, ஓரம் சிவந்தது, பிறகு இளஞ்சிவப்பாகத் தோல் மூடியது. டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுப் போய்வரச் சொன்னார். பஜனைக்குப் போன இடத்திலெல்லாம் அப்பா பாதத்தைத் தூக்கிக் காட்டினார். என் பொண்ணு மருந்து என்றார். கடலிலிருந்து அய்யப்பன் அனுப்பியது என்றார். கேட்டவர்கள் குனிந்து பார்த்தார்கள். யுவராணி பூத்தொடுப்பவர்களோடு உட்கார்ந்து நாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருமுடி கட்டுகிற அன்று காலை கோயில் வாசலில் வேன் நின்றது. உள்ளே அரிசியும் நெய்த்தேங்காயுமாகக் கூட்டம். பக்கத்துத் தெரு ஆனந்தன், வெல்டிங் வேலை செய்கிறவர், தூணில் சாய்ந்து குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிச் சில்லு கிழித்திருந்தது. அப்பா தன் தோள்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். வழிக்கு இருக்கட்டும் என்று யுவராணி கொடுத்திருந்த தாள்.

"இந்தா சாமி. எனக்கு வேணாம், என் காலு கல்லாட்டம் கீது. குருசாமி, நீங்களே வெச்சி உடுங்க."

ஜெகதீசன் உறையைப் பிரித்தார்.

"அவருக்கு வேணாம்," என்றாள் யுவராணி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்று மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது.

ஆனந்தன் சிரித்தார். "எனக்கு எறா ஒண்ணுதான் ஆவாது. துன்னா மூஞ்சி பூசணிக்கா ஆயிடும். மத்தபடி ஆணிய குடு, செரிக்கும்."

"சாமிக்கு ஆணி பொரியல் போடுங்கப்பா," என்றார் யாரோ. குருசாமியும் சிரித்துக்கொண்டே தாளை இரண்டு விரலால் எடுத்து ஆனந்தனின் குதிகாலை நோக்கிக் குனிந்தார். யுவராணி எட்டி அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். குருசாமியின் கையிலிருந்து. தாள் அவள் உள்ளங்கை வேர்வையில் பிசுபிசுத்துச் சுருண்டது.

பழசாகிவிட்டது, வேறு வாங்கித் தருகிறேன் என்று எதையோ சொன்னாள். படிச்ச புள்ள, காரணம் இருக்கும் என்று குருசாமி அரிசிக்குத் திரும்பிவிட்டார். ஆனந்தன் துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டார். அவர்களுக்கு அது அதோடு முடிந்தது. அப்பா மட்டும் அவள் மூடிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆனந்தனைப் பார்த்தார். பிறகு எழுந்து வெளியே போனார்.

கோயிலுக்குப் பின்னால் குழாயடி. தென்னங்கன்றை அங்கேதான் நிழலில் வைத்திருந்தார்கள். அவர் குழாயைத் திறந்து பாதத்தைக் காட்டி நின்றார். யுவராணி தள்ளி நின்றாள்.

"கடப்பாசின்ன."

"நீதான் சொன்ன. நான் தலய ஆட்டினேன்."

அவர் கட்டைவிரலால் பாதத்தைத் தேய்த்தார். தோல் இளசாக, வழவழவென்று இருந்தது.

"கரைஞ்சிடும்னியே. எங்க கரஞ்சிது?"

அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியும். கருத்தரங்கு மேடையில் நின்று படம் காட்டிச் சொல்லியிருக்கிறாள். உடம்பே அதை எடுத்துக்கொள்ளும் என்று.

உள்ளே சரணம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஜம்புலிங்கம் சாமி எங்கே என்று குருசாமி கேட்பது கேட்டது. வேன்காரன் ஹாரன் அடித்தான். இன்னொருவர் காதுக்கு இந்தப் பேச்சு எதுவும் போகவில்லை. அவர் போய் உட்கார்ந்தால் இருமுடியைக் கட்டித் தலையில் வைத்துவிடுவார்கள்.

"கூப்புடறாங்க சாமி," என்றாள்.

"நைனான்னே கூப்புடு."

அவர் குனிந்து மறுபடி பாதத்தைத் தேய்த்தார். கழுவ அங்கே ஒன்றுமில்லை. தண்ணீர் அவர் விரல்களுக்கிடையில் ஓடி, சிமென்ட் தரையில் பரவி, கன்றின் சாக்கைச் சுற்றித் தேங்கியது. சாக்கு அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டே வந்தது.