தண்ணீரில் ஒன்றுமில்லை

ஸெய்னுலாப்தீனின் மனைவி றலியாவுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகி, கண்டி ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்து, கடைசியில் ஒரு மழைக்காலத்தில் அவள் மௌத்தானாள். அவளுக்குச் சீனி வருத்தமும் இருந்ததில்லை, பிரஷரும் இருந்ததில்லை. ஏன் வந்தது என்று கேட்டால், சிலருக்கு இன்ன காரணமென்று சொல்ல முடியாது என்றார்கள் டொக்டர்மார். அதை அவரால் ஏற்கவே முடியவில்லை.

அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, அவருடைய கண் பின்வளவுக் கிணற்றின் மேல் போய் விழுந்தது. நாவலப்பிட்டி மேட்டில் அவர் வீடு கீழே, வீரசிங்கத்தின் வீடு மேலே. நகரசபையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற வீரசிங்கம் சரிவு முழுக்கப் போஞ்சி, கோவா என்று மரக்கறி போட்டிருந்தார். உரம் போடுவார், பூச்சி மருந்தும் அடிப்பார். மழை அந்த மண்ணைக் கழுவிக்கொண்டு வேறெங்கே வரும்?

"என்ட பொஞ்சாதிய நீதான் கொஞ்சங் கொஞ்சமா கொன்டுபோட்டாய்!"

ஒருநாள் வேலியருகே நின்று கத்தியே விட்டார். நோன்புக் கஞ்சியும் தீபாவளிப் பலகாரமும் கைமாறிய வேலி அது; மேல்வீட்டாருக்கு அவர் அண்ணன் முறையில் 'நானா', றலியா அக்கா முறையில் 'ராத்தா'. வீரசிங்கம் மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. மேட்டுப் பக்கத்து ஜன்னலை ஸெய்னுலாப்தீன் திறப்பதேயில்லை; அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்ப்பதுமில்லை.

"சும்மா ஆக்கள ஏசி என்ன வாப்பா? தண்ணிய செக் பண்ணிப் பாப்பமே" என்றாள் மகள் ஷிபானா.

கண்டியில் தண்ணீர் சோதிக்கும் ஒரு லெப்பில் இரண்டு போத்தல் கொடுத்தார்கள். ஒன்று கிருமி பார்க்க, மற்றது உலோகம், உப்பு, மருந்து எல்லாம் பார்க்க. சொன்னபடியே கிணற்றுப் பைப்பின் வாயை நெருப்பில் சுட்டு, கொஞ்சநேரம் ஓடவிட்டுப் பிடித்தார். ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். றலியாவைக் கூட்டிப்போன அதே பாதை. கம்பளை தாண்டினால் அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள். பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ரிசல்ட் எடுக்கப் போன அன்று, லெப்பில் இருந்த நிரோஷினி என்ற பிள்ளை சிரித்த முகத்தோடு சொன்னாள்.

"பயப்பட ஒன்னுமில்ல அங்கிள். ஆசனிக், கட்மியம் ஒன்னுமே இல்ல. கிருமியும் இல்ல. கல்சியம் மட்டும் கொஞ்சம் கூட, கேத்தல்ல வெள்ளையாப் படியும். தாராளமாக் குடிக்கலாம்."

"தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து?"

"நீங்க கேட்டதால அதையும் பார்த்தோம். இல்ல."

"இன்னொருக்கா பாருங்க மகள்."

"நல்லாப் பார்த்ததுதான் அங்கிள்."

அவர் பக்கத்திலிருந்த கதிரையில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நல்ல செய்தி சொன்ன அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியவர் தன் வீட்டுக்குப் போகாமல் நேரே மேட்டில் ஏறினார். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. சரிவு மொட்டையாகக் கிடந்தது. போஞ்சிக் கம்புகள் பிடுங்கப்பட்டு மூலையில் குவிந்திருந்தன.

கதவைத் திறந்தவள் வீரசிங்கத்தின் மனைவி சீதா.

"நீங்க ஏசுன அன்னைக்கே எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுட்டாரு நானா. சாப்பாடும் இல்ல, தூக்கமும் இல்ல. 'நாந்தான் ராத்தாவக் கொன்னேனா'ன்னு என்னையே கேட்டுக்கிட்டு இருக்காரு."

பின்னாலேயே வீரசிங்கம் வந்தார். சட்டை தோளில் தொங்கியது. ஆள் பாதியாகியிருந்தார்.

"வீரசிங்கம், தண்ணில ஒன்டுமில்ல."

"நல்லாப் பார்த்தாங்களா நானா?"

"எல்லாம் பார்த்தாங்க. உன்ட மருந்து ஒரு சொட்டும் இல்ல. செல்லக்கூடாதத செல்லிட்டேன். மன்னிச்சிக்க."

வீரசிங்கம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகம் தெளியும் என்று ஸெய்னுலாப்தீன் பார்த்துக்கொண்டிருந்தார். அது தெளியவில்லை.

"அப்ப ராத்தாவுக்கு ஏன் நானா அப்படி ஆச்சு?"

ஸெய்னுலாப்தீன் தெரியாது என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினார். கோபம் இருந்தவரை அவருக்கு ஒரு காரணமாவது இருந்தது; இப்போது அதுவும் இல்லை. வீரசிங்கம் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, தானும் ஒட்டி உட்கார்ந்தார்.

சீதா தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கீழிருந்து ஷிபானா வாப்பாவைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. இருவரும் எழும்பவில்லை.