ஊசியை எடுத்தவள்

எர்வினின் இடது பாதம் நாற்பத்தோரு ஆண்டுகளாகத் தரையைத் தொட்டதில்லை. அவன் மனைவி நோரீனின் வலது பாதமும் அப்படியே. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ரயில்வே காலனியின் நடனக்கூடத்தில் இருவரும் வால்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்தபோது, கிராமபோனைக் கவனித்துக்கொண்டிருந்த ஹேசல் ஊசியைப் பாதியில் எடுத்துவிட்டாள். எடுத்த கையே திரும்ப வைக்கும்வரை ஆட்டம் முடிந்ததாகாது என்பது அந்தக் கூடத்தின் விதி. ஆகவே பதினொரு ஜோடிகளும் தூக்கிய காலைத் தூக்கியபடியே வீட்டுக்குப் போனார்கள்.

ஆட்டம் முடியாமல் ஜோடியின் கையை விடக்கூடாது என்பது இன்னொரு விதி. எர்வினும் நோரீனும் கோத்த கையோடு மறுமாதம் தேவாலயத்துக்குச் சென்று மணந்துகொண்டார்கள். எர்வின் எஞ்சின் ஓட்டுநர். நோரீனும் எஞ்சினில் ஏறியாக வேண்டும் என்பதால் அவளுக்கு நிரந்தரப் பாஸ் வழங்கப்பட்டது.

ஊசியில் தூசி இருந்ததாக ஹேசல் அன்று சொன்னாள். தூசி இல்லை. அந்தக் கணத்தில் எர்வினின் முகம் இடது தோளுக்கு மேலாகக் கிராமபோன் பக்கம் திரும்பியிருந்தது. அவன் அவளைப் பார்த்தான். அந்தப் பார்வை போய்விடக்கூடாது என்று அவள் நினைத்தாள். கை தானாக எழுந்தது. திரும்பிய முகம் திரும்பியபடியே நின்றுவிட்டது. அதன்பின் அவர்கள் வீட்டுக்கு இடப்பக்கத்து வீட்டை ஹேசல் கேட்டு வாங்கினாள். தேவாலயத்திலும் அவர்களுக்கு இடப்பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவளுடைய திருமணத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை நோரீன், கையோடு எர்வினை அழைத்துக்கொண்டு, ஹேசலின் வாசலில் வந்து நின்றாள்.

"ஹேசல், போதும் மேன். முட்டி போச்சு. ஒத்தக் கால்ல இன்னும் எத்தன நாள் நிக்கிறது? ஊசிய வை."

"தட்டு பழசாயிடுச்சு நோரீன்."

"நாம மட்டும் புதுசா? நாப்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன். பாத்ததெல்லாம் இந்தாளோட வலது காது. கண்ணு என்ன கலர்னு கேட்டா எனக்குத் தெரியாது."

"பழுப்பு," என்றாள் ஹேசல்.

"உனக்குத் தெரியாம இருக்குமா!"

எர்வின் ஹேசலைப் பார்த்தபடி இருமினான்.

அறுபத்து நான்கு வயதில் ஹேசலிடம் இருந்தது அந்தப் பார்வை ஒன்றுதான். ஊசியை வைத்தால் முகம் நோரீன் பக்கம் போய்விடும். வைக்காவிட்டால் நோரீன் விழுந்துவிடுவாள். அவள் நோரீனின் முட்டியைப் பார்த்தாள். அது பூசணிப் பிஞ்சு அளவுக்கு வீங்கியிருந்தது.

"ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சதும்," என்றாள்.

செய்தி போக வேண்டிய இடங்களுக்குப் போயிற்று. ஆடியவர்களில் ஆறு பேர் பெர்த் நகரில் இருந்தார்கள்; அவர்களுக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். பதினான்கு பேர் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள்; காவலர் மரியசூசை குழி குழியாக நின்று சொல்லிவிட்டு வந்தார். தூக்கிய பாதத்துக்காக அந்தப் பதினான்கு குழிகளையும் கால்மாட்டில் ஒரு சாண் கூட்டி வெட்டியவர் அவர்தான்.

ஞாயிறு பதினொரு மணிக்கு ஹேசல் கிராமபோனின் மேல் கிடந்த துணியை விலக்கினாள். ஊசி நின்ற இடத்தில் அவள் அன்று வைத்த சாக்பீஸ் புள்ளி அப்படியே இருந்தது. சாவி கொடுத்தாள். தட்டு சுழன்றது. எர்வினின் கண்களைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு ஊசியை வைத்தாள்.

பாதங்கள் தரையில் இறங்கின. கல்லறைத் தோட்டத்திலிருந்து மூட்டை இறக்கியது போன்ற ஓசை வந்தது. எர்வினின் முகம் நோரீன் பக்கம் போயிற்று.

"அட, உனக்கு மூக்கு இவ்ளோ பெருசா?" என்றாள் நோரீன்.

ஹேசல் தட்டின்மேல் கண்ணை வைத்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்தாள். எர்வின் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் போயிற்று, ஆறு தாளத்தில் மீண்டும் வந்தது, போயிற்று, வந்தது. கிராமபோன் பார்ப்பவர் ஆடக்கூடாது என்பதால் ஹேசல் ஒருநாளும் வால்ட்ஸ் ஆடியதில்லை. சுழல்கிற முகம் அதே இடத்துக்குத் திரும்பி வரும் என்பது அவளுக்குத் தெரியாது. அந்தத் தட்டு முடிவதற்குள் அது ஒன்பது முறை வந்தது. அவள் எண்ணினாள்.

தட்டு முடிந்தது. ஊசியை எடுத்தாள். எர்வின் நோரீனை நாற்காலிவரை கொண்டுபோய் விட்டு, தலை வணங்கி, கையை விட்டான். விட்ட கையை இரண்டு முறை உதறிக்கொண்டு கிராமபோன் அருகே வந்தான்.

"அடுத்த ஆட்டம் எனக்கா, ஹேசல்?"

"மிஷினை யார் பாக்கிறது?"

"நான் பாக்கிறேன், நீ போ," என்றாள் நோரீன். "எனக்கு உட்கார்ந்துக்கிட்டு செய்யற வேலைதான் வேணும்." அவள் நாற்காலியைக் கிராமபோன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள், தட்டைப் புரட்டினாள், ஊசியை வைத்தாள்.

ஹேசலின் கால்களுக்குத் தாளம் தெரிந்திருந்தது. எர்வினின் முகம் நேர் எதிரே, ஒரு சாண் தொலைவில் இருந்தது. கண்கள் பழுப்புதான். அவை அவளைப் பார்த்தன. பிறகு, வால்ட்ஸின் முறைப்படி, இடது தோளுக்கு மேலாகக் கிராமபோன் பக்கம் திரும்பின.

அங்கே நோரீன் இருந்தாள். நாற்பத்தோரு ஆண்டுகள் ஹேசலையே பார்த்திருந்த அந்தக் கண்கள் இப்போது நோரீனைப் பார்த்தன.

இசை நின்றது.

"தூசி," என்றாள் நோரீன். அவள் கையில் ஊசி இருந்தது.

ஹேசலின் வலது பாதம் ஒரு சாண் உயரத்தில் நின்றது. அவளுக்கு எதிரே எர்வினின் வலது காது இருந்தது. அதன் மடலில் ஒரு சிறு மச்சம். இதைப் பற்றி நோரீன் ஒருநாளும் சொன்னதில்லை. ஹேசல் அவன் கையைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள். இருவரும் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். நோரீன் தன் சாமான்களை எடுத்துக்கொண்டு இடப்பக்கத்து வீட்டுக்கு மாறினாள்.

மரியசூசை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஹேசலின் பாதத்தை அளக்க வந்தார்.