ஒன்றேகால் அங்குலம்

மாலை ஐந்து மணிக்குள் விருப்பப் பாடத்தைப் பதிவு செய்தாக வேண்டும். மணி மூன்றரை ஆகிவிட்டது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கட்டுமானமும் கட்டட வரைபடமும் சேர்ந்த பட்டப்படிப்பு அது. கல்யாணமாகி நாலு வருடம் கழித்துத் துணிந்து சேர்ந்தாள். வகுப்பில் எல்லாரும் அவளை 'அக்கா' என்பார்கள். வீட்டில் மாமியார் வைத்த பெயர் 'டிராயிங்கம்மா'. இரண்டு வருடம் கல்லூரி கொடுத்ததைப் படித்தாயிற்று. மூன்றாம் வருடத்துக்கு ஏழு பாடங்களை நீட்டி, இதில் இரண்டை நீயே எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். எதைச் சொன்னாலும் தலையாட்டிப் பழகியவர்களிடம் உனக்கு எது பிடிக்கும் என்று கேட்பதைப் போலப் பெரிய வம்பு உலகத்தில் இல்லை.

ஒன்றை யோசிக்காமலே எடுத்துவிட்டாள். படிக்கட்டுகள். அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில், அவர்கள் வாசலுக்கு ஏறும் கடைசிப் படி மட்டும் மற்ற படிகளைவிட ஓர் அங்குலம் உயரம். நல்ல செய்தி கொண்டுவருகிறவரும் தடுக்கி விழுந்துதான் உள்ளே வருவார். அந்தப் படியைக் கட்டிய புண்ணியவான் யாரென்று தெரியாது. அவனைப் போல இன்னொருத்தர் ஆகாமல் இருக்கலாமே என்று ஒரு நல்லெண்ணம். இரண்டாவது பாடத்தில்தான் சிக்கல்.

"இங்க குடு, நான் படிக்கறேன்" என்று கணவன் போனை வாங்கிக்கொண்டான்.

அவனுக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கும் வேலை. பதினோரு வருடப் பழக்கத்தில் மனசுக்குள் படிப்பது என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. மின்கட்டண ரசீது, மாத்திரை அட்டை, சோப்பு உறை, எதுவானாலும் கண்ணில் பட்டால் வாய் திறந்துவிடும். திறந்தால் முற்றுப்புள்ளி வராமல் மூடாது. பல் வலிக்குப் போன இடத்தில் மருத்துவரின் சீட்டை உரக்கப் படித்து, காத்திருந்த அத்தனை பேருக்கும் தன் கடைவாய்ப் பல்லை அறிமுகம் செய்துவைத்தவன் அவன்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! நாலாவது விருப்பம், முப்பரிமாணப் படம் உருவாக்குதல். அஞ்சாவது, இரும்புச் சட்டக இணைப்புகள். ஆறாவது, இருக்கும் கட்டடங்களை அளந்து வரைதல். பன்னிரண்டு இடங்கள் மட்டுமே. விண்ணப்பிப்போர் காரணத்தை எழுத வேண்டும்." அவன் மூச்சு வாங்கினான். "இதுல என்ன யோசனை? முப்பரிமாணத்தை எடு. சோபா, ஜன்னல் வழியா வெயில், மேசை மேல ஒரு தட்டு நிறைய ஆப்பிள். வர்றவங்ககிட்ட காட்டலாம்."

"அதேதான்" என்றார் மாமியார், கூடத்தில் இருந்தபடியே. "அந்த ஆறாவதை யாரு எடுப்பா? கட்டி முடிச்ச வீட்டைப் போய் அளக்கறதாம். கல்யாணம் முடிஞ்சப்புறம் மாப்பிள்ளை பாக்கற மாதிரி."

அவள் சிரிக்கவில்லை. கூடத்தைப் பார்த்தாள். மாமியாருக்குப் பக்கத்தில், கதவுக்குப் போகும் வழியில் பாதியை அடைத்துக்கொண்டு, ஓர் அலமாரிப் பெட்டி நின்றது.

அதுதான் விஷயம். மாமியாரின் அறையில் இரண்டு சுவர்களுக்கு நடுவே மாடம் போல ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் அடைத்தாற்போல ஒரு அலமாரி வேண்டுமென்று மாமியார் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வரைந்து கொடுத்தாள். அவளுடைய அண்ணன் தச்சர். அவன் தன் பட்டறையில் அதை மூன்று பெட்டிகளாகச் செய்து கொண்டுவந்தான். முதல் பெட்டி போனது. இரண்டாவது போனது. மூன்றாவது போகவில்லை. ஒன்றேகால் அங்குலம் இடித்தது. தள்ளிப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், கணவன் தோள் கொடுத்துப் பார்த்து மூன்று நாள் தைலம் தடவிக்கொண்டான். சுவர் அசையுமா?

அண்ணன் டேப்பை நீட்டிச் சுவருக்குச் சுவர் அளந்தான். பையிலிருந்து அவள் வரைந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தான். நாலாக மடித்துத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டான். அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"டிராயிங் சரியாத்தான் இருக்கு, அத்தை" என்றான் மாமியாரிடம். "நான்தான் பலகையை நீளமா வெட்டிட்டேன். என் தப்பு."

அண்ணன் பலகையைத் தப்பாக வெட்டுகிறவன் இல்லை. ஊரே சொன்னாலும் தானே இரண்டு தடவை அளக்காமல் ரம்பத்தைத் தொடாதவன். ஒரே ஒரு தடவைதான் அளக்காமல் வெட்டினான். தங்கச்சி வரைந்தது என்பதற்காக. அந்தக் காகிதத்தைப் பட்டறைச் சுவரில் ஒட்டி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினானாம். தப்பு எங்கே என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. வீடு வாங்கியபோது கொடுத்த வரைபடத்தில் அந்தப் பள்ளம் ஏழடி. வெறும் செங்கல்லுக்குச் செங்கல் ஏழடி. அதன்மேல் இரண்டு பக்கமும் சிமெண்டுப் பூச்சு ஏறினால் இடம் குறையும் என்பது முதல் வருடப் பாடம். அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் அவள். டேப் மேசை இழுப்பறையில் இருந்தது, அறை பத்தடி தூரத்தில் இருந்தது. மாமியாரின் மூட்டை முடிச்சுகளை நகர்த்தச் சோம்பல்பட்டு, பழைய வரைபடத்தைப் பார்த்தே அழகாக ஒரு படம் போட்டுவிட்டாள்.

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. 'நாளைக்குச் சொல்லலாம்' என்று நாலு நாள் போய்விட்டது. பொய்யைத் தொடங்கியது அண்ணன்தான் என்றாலும், அதைக் கட்டிக் காத்தது அவள்தானே.

இதற்குள் மாமியார் சும்மா இருப்பாரா? முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கையில் வந்த செய்தியை உரிய இடத்தில் சேர்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"டிராயிங்கம்மா, உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்றார் இப்போது. "மேல் வீட்டு ஆபீசரம்மா இருக்காங்கல்ல, சமையலறை வேலை முழுசையும் உங்கண்ணன்கிட்ட குடுக்கறதா இருந்தாங்க. நான் காலையில போய் நம்ம பெட்டி கதையைச் சொன்னேன். நல்ல வேளை சொன்னீங்கன்னு, வேற ஆள் பாக்கறாங்க. எனக்கு ஒண்ணும் உங்கண்ணன் மேல கோபம் இல்ல. தங்கமான பையன். ஆனா அளவு தெரியலையே."

அளவு தெரியலையே. அண்ணனைப் பற்றி! அவளுக்குக் காது சுட்டது. பதினாறு வயதில் உளியைத் தொட்டவன் அவன். இருபது வருடத்தில் ஒரு கதவு உரசுகிறது என்று யாரும் அவனைத் திரும்பக் கூப்பிட்டதில்லை. அந்த நல்ல பெயரை ஒரே காகிதத்தால் அவள் துடைத்துவிட்டாள். தன்மேலே அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

போனைக் கணவனிடமிருந்து வாங்கிக்கொண்டு மேசைக்குப் போனாள். ஆறாவது விருப்பத்தைத் தொட்டாள். 'இந்தப் பாடத்தை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்?' என்று ஒரு கட்டம் திறந்தது. முதலில், 'பழைய கட்டடங்களின் மேல் எனக்குள்ள ஆர்வத்தினால்' என்று எழுதினாள். படித்துப் பார்த்தாள். பச்சைப் பொய். அழித்தாள். பிறகு நிறுத்தாமல் எழுதினாள்.

நாலரைக்கு வாசலில் 'தடால்' என்று சத்தம். யாரோ கடைசிப் படியைத் தாண்டி வீட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அண்ணன்தான். பெட்டியை எடுத்துப்போய்க் குறைத்துக்கொண்டு வருவதற்காகக் கயிறும் பழைய போர்வையுமாக நின்றான்.

"வாங்க மச்சான், வாங்க" என்றான் கணவன்.

"இருக்கட்டும் மாப்பிள்ளை. வண்டி கீழ நிக்குது. நீங்க பிடிக்க வேண்டாம், உங்க தோள் பத்திரம்."

"தண்ணியாவது குடிப்பா" என்றார் மாமியார். மேல் வீட்டு விஷயத்தை அவர் சொல்லத் தொடங்குவதற்குள், அதை அவனே சொல்லிவிட்டான். "ஆபீசரம்மா போன் பண்ணிட்டாங்க, அத்தை. பரவாயில்ல. ஆனைக்கும் அடி சறுக்கும். நான் ஆனையும் இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அந்தச் சிரிப்பு கண்வரைக்கும் போகவில்லை. நின்று நிதானமாக எல்லாரிடமும் சொல்லலாம் என்றால், தொண்டை ஒத்துழைக்காது என்று அவளுக்கே தெரியும். ஆனால் வீட்டில் ஒரு தொண்டை இருக்கிறது. எழுதிக் கொடுத்தால் நிறுத்தாது.

"என்னங்க" என்றாள். போனை நீட்டினாள். "எழுதியிருக்கேன். தப்பு இருக்கான்னு கொஞ்சம் பாருங்க."

அவன் வாங்கினான். தொண்டையைச் செருமினான்.

"நான் வரைந்து கொடுத்த ஓர் அலமாரி அறைக்குள் போகவில்லை!" கூடம் முழுக்கக் கேட்டது. "பூச்சு பூசுவதற்கு முந்தைய அளவை வைத்து வரைந்துவிட்டேன். அறை பத்தடி தூரத்தில் இருந்தும் போய் அளக்கவில்லை." குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனால் நிற்கவில்லை. அறிவிப்பைப் பாதியில் விட்டால் பயணிகள் தவித்துப்போவார்கள். "என் அண்ணன் என் கோட்டை நம்பி மரத்தை வெட்டினார். தப்பையும் தன்னுடையது என்று சொல்லி, தன் பெயரைக் கெடுத்துக்கொண்டார். நான் வாய் திறக்கவில்லை. காகிதத்தில் இருப்பதை அல்ல, சுவரில் இருப்பதை அளக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்காக இந்தப் பாடம்." முற்றுப்புள்ளி வந்தது. அவன் வாய் மூடியது.

அண்ணன் கயிற்றைக் கீழே போட்டான்.

"உனக்கு எதுக்கு பாப்பா இதெல்லாம்?" என்றான். கோபமாகத்தான். "புகுந்த வீட்டுல உனக்குப் பேர் நிலைக்கணும்னுதானே நான்..."

"உன் பேரை வித்து எனக்குப் பேர் வேண்டாம்ணா." அழக்கூடாது என்று வைத்திருந்தாள். அழுதாள். "டேப் இழுப்பறையிலதான் இருந்துச்சு. எடுக்கலை. அதுதான் நடந்துச்சு."

மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்தார். மருமகளை ஒரு பார்வை பார்த்தார்.

"நாலு நாளா வாயைத் தைச்சா வச்சிருந்தே?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினார். "நீயும்தான். அத்தை அத்தைன்னு கூப்பிட்டு அத்தைகிட்டயே புளுகு. என் செருப்பு எங்கடா?"

"எங்கம்மா போறீங்க?" என்றான் மகன்.

"மேல. முப்பது வருஷத்துல தப்பான இடத்துக்கு லைன் குடுத்தா, நானேதான் எடுத்து நானேதான் மாத்திக் குடுத்திருக்கேன். வேற ஆளை விட்டதில்ல." பெட்டியைச் சுற்றி ஒருக்களித்து வெளியே போனார். படியேறும் சத்தம் கேட்டது. வீட்டுக்குப் பாதகமாக ஒரு செய்தியைக் கொண்டு போவது அவருக்கு அதுதான் முதல் தடவை. ஆனாலும் நடையில் வேகம் குறையவில்லை.

"மணி நாலு அம்பத்திரண்டு" என்றான் கணவன். "இதை அனுப்பவா, வேண்டாமா? நல்லா யோசி. உன் வாத்தியாரெல்லாம் படிப்பாங்க."

"தப்பு இருக்கான்னு பாருங்கன்னேனே?"

"எழுத்துல ஒண்ணும் இல்ல." அவன் கொஞ்சம் தயங்கினான். "இப்படி எழுத எனக்கு வராது."

"அப்ப அனுப்புங்க."

அனுப்பினான். உடனே பதில் வந்தது. கேட்க வேண்டுமா? அதையும் உரக்கப் படித்தான். "உங்கள் விருப்பம் பதிவாகிவிட்டது. இனி மாற்ற இயலாது!"

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டானா, வியர்வையைத் துடைத்துக்கொண்டானா என்று தெரியவில்லை. இடுப்பிலிருந்து டேப்பை எடுத்தான். "வா, அந்த முனையைப் பிடி" என்று மாமியாரின் அறைக்குள் போனான். இரண்டு பெட்டிகளையும் வெளியே இழுத்தார்கள். மூட்டைகளைக் கட்டில்மேல் ஏற்றினார்கள். அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். கீழே எண்பத்திரண்டே முக்கால் அங்குலம். நடுவில் எண்பத்திமூணு. மேலே எண்பத்திமூணேகால்.

"மூணு இடத்துல மூணு அளவா?" என்றாள்.

"சுவருன்னா அப்படித்தான். வரையறவங்க நீங்க காகிதத்துல ஒரே கோடாப் போட்டுடறீங்க."

மாடியிலிருந்து மாமியாரின் குரல் இறங்கி வந்தது. அந்தக் குரலுக்கு எந்தக் காலத்திலும் போன் தேவைப்பட்டதில்லை. "ஆபீசரம்மா வரச் சொல்றாங்க! ரெண்டு பேரும் வரணுமாம்! டேப்பையும் எடுத்துட்டு வரணுமாம்!"

அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அண்ணனைப் பார்த்தாள். அவன் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"அந்தச் சமையலறைக்கும் நானே வரையட்டுமாண்ணா?"

"வேற யாரு வரைவா?" என்றான். "நீதான் வரையணும். ஆனா ஒண்ணு பாப்பா. இனிமே நீ வரைஞ்சதுன்னாலும் நான் ஒரு தடவை அளந்துட்டுத்தான் வெட்டுவேன்."

சுருக்கென்றது. அவனிடம் அவளுக்கு மட்டும் இருந்த சலுகை அன்றோடு போயிற்று. அது போனதுதான் நியாயம் என்றும் அவளுக்குப் பட்டது.

"ரெண்டு தடவை அளண்ணா" என்றாள்.