பூஞ்சேரியிலிருந்து புறப்பட்ட முப்பத்தொரு மீன்கள்

"மீனு ஒண்ணுக்கு எங்கப்பா போவும்?" என்று காயத்ரி ஐந்து வயதில் கேட்டாள். அவள் அப்பா வரதன் சிரித்துவிட்டு, மறுநாள் தான் ஓட்டும் ஸ்டாஃப் பஸ்ஸில் அதைச் சொன்னான், பஸ்ஸே சிரித்தது. பதில் மட்டும் யாரும் சொல்லவில்லை. கேள்வி ஒன்றரை வருஷம் அப்படியே கிடந்தது. அதன் விளைவாக, பூஞ்சேரியில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறை வீட்டிலிருந்து ஒரு சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு முப்பத்தொரு மீன்கள் தொட்டியை விட்டு எழும்பி, இடுப்பளவு உயரத்தில் காற்றில் நீந்தி, வாசற்படி தாண்டித் தெருவுக்குப் போயின. அன்று மாமல்லபுரத்தில் தக்காளி கிலோ முப்பத்தெட்டு ரூபாய். மழை இல்லை.

காயத்ரிக்கு இரண்டு வயதிலிருந்தே வீசிங். பருவம் மாறினால் நெஞ்சில் விசில் கேட்கும், கழுத்துக்குழி உள்ளே இழுக்கும், ஆட்டோ பிடித்துக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். நாய், பூனை, கோழி, கொசுவத்தி, ஊதுவத்தி எதுவும் வீட்டில் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழந்தைக்குத் துணையாக ஏதாவது ஒரு ஜீவன் வேண்டுமே என்று வரதன் மீன் வாங்கப் போனான். அவன் பஸ் தினமும் காலையில் மாமல்லபுரத்தில் கிளம்பி, திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாக ஆள் ஏற்றிக்கொண்டு மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் இறக்கிவிடும். மாலை ஐந்து மணிவரை அவனுக்கு வேலை இல்லை. அடுத்த ஊரான பொத்தேரியில், ஹாஸ்டல் பிள்ளைகள் சாப்பிடும் கடைகளுக்குப் பின்னால், மார்கரெட் என்கிற பெண் கலர்மீன் கடை வைத்திருந்தாள். முப்பது வயதிருக்கும். கேட்டதையெல்லாம் விற்கமாட்டாள் என்று பெயர் எடுத்தவள். தொட்டி என்ன நீளம் என்று கேட்டாள். இரண்டடி என்றதும் ஆறே ஆறு கப்பி மீன்களைக் கவரில் பிடித்துக் கொடுத்தாள். இன்னும் நாலைந்து சின்ன மீன் மூன்று மாதம் கழித்து விடலாம், அதுவும் ஒன்றையொன்று கடிக்காத ஜாதியாகப் பார்த்து விட வேண்டும், வாரம் ஒரு தடவை கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும் என்று சொல்லி அனுப்பினாள்.

அதற்குமேல் நடந்ததெல்லாம் அன்பினால் நடந்தது. உடம்பு சரியில்லாத குழந்தையைப் பார்க்க வெறுங்கையோடு போகிற வழக்கம் இந்தப் பக்கத்தில் கிடையாது. பிஸ்கட்டும் சாத்துக்குடியும் காயத்ரிக்குப் பிடிக்காது, மீனைக் கண்டால் முகம் மலர்ந்துவிடும் என்று தெரிந்ததும், அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய ஒவ்வொரு தடவையும் ஆளுக்கொரு கவரோடு வந்தார்கள். பக்கத்து வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கும் சாரதாம்பாள் மூன்று மோலி மீன் கொண்டுவந்தாள். பஸ்ஸில் வரும் ஜோயலும் அவன் கூட்டாளிகளும் எட்டு டைகர் பார்ப் கொண்டுவந்தார்கள். அவை வந்த அன்றே ஏஞ்சல் மீன்களின் துடுப்பைக் கடித்துக் கந்தலாக்கின. சொந்தக்காரர்கள் லட்சுமிகரமாக இருக்கட்டும் என்று தங்கமீன்களாகவே கொண்டுவந்ததில் அது மட்டும் பத்து சேர்ந்தது. ஏஞ்சல் நாலு. ஒன்றையொன்று பார்க்கவே பிடிக்காத ஃபைட்டர் இரண்டு. தொட்டியைச் சுத்தம் செய்துவிடும் என்று நம்பி ஆளாளுக்கு வாங்கிவந்த சக்கர் ஆறு. வரதனின் மனைவி தமிழ்ச்செல்விக்கு ஒரே அண்ணன், பன்னீர்செல்வம், முட்டுக்காட்டில் படகுத்துறை வேலை. அவன் விரல் நீளத்தில் ஓர் ஆஸ்கர் மீனைக் கொண்டுவந்து தன் கையாலேயே விட்டான். தாய்மாமன் கொடுப்பதை எந்த வீட்டில் வேண்டாம் என்பார்கள்? அது ஐந்து மாதத்தில் உள்ளங்கை அகலம் வளர்ந்து இரண்டு கப்பிகளை விழுங்கியது.

தொட்டிக்கும் குழந்தைக்கும் ஒரே மூச்சு என்பதை முதலில் கண்டவள் தமிழ்ச்செல்வி. மீன்களின் செவுள் திறந்து மூடுகிற கணக்கும் காயத்ரியின் நெஞ்சு ஏறி இறங்குகிற கணக்கும் ஒன்றாக இருந்தன. தண்ணீர் மாற்றிய அன்று குழந்தை தெருவில் ஓடினாள். புது மீன் வந்த அன்று விசில் கேட்டது. டாக்டரிடம் சொன்னார்கள். அவர் நிறையப் பார்த்தவர், மறுக்கவில்லை. எடை பதினாறு கிலோ என்று எழுதியிருந்ததற்குக் கீழே மீன் இருபத்திரண்டு என்று எழுதிக்கொண்டார். அடுத்த தடவை எடை பதினாறு கிலோ, மீன் முப்பது.

தெரிந்தும் குறைக்கத் துணிவு வரவில்லை. குழந்தை நன்றாக இருக்கவேண்டும் என்று நினைத்துக் கொடுத்த ஒன்றை வெளியே தள்ளினால் அந்த நினைப்பையும் தள்ளியதாகிவிடாதா என்று தமிழ்ச்செல்வி பயந்தாள். வருகிறவர்களும் குழந்தையைப் பார்த்த கையோடு தொட்டியில் தாங்கள் கொடுத்ததைத் தேடினார்கள். "எம் மீனு எப்டி கீது மச்சான்?" என்று கேட்டுக்கொண்டேதான் பன்னீர்செல்வம் செருப்பைக் கழற்றுவான்.

ஐப்பசி மழை விட்ட வாரத்தில் மீன் முப்பத்தெட்டு ஆயிற்று. அத்தனையும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. காயத்ரி பாயில் உட்கார்ந்து முகத்தை அண்ணாந்தபடியே இருந்தாள். ஒரு வாக்கியத்தை முடிக்க மூன்று தடவை மூச்சு வாங்கினாள். இன்னொரு முறை இப்படி வந்தால் மிஷின் வைத்துத்தான் மூச்சு கொடுக்க வேண்டியிருக்கும், அதற்கு மேல் கடவுள் விட்ட வழி என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். வரதன் லீவு போட்டுவிட்டு விடிந்ததும் பொத்தேரிக்குப் போய் நாலடித் தொட்டி கேட்டான். மார்கரெட் கொடுக்கவில்லை. நாலடி வந்தால் நாலடிக்கும் மீன் வரும் என்றாள். முழுக் கதையையும் கேட்டபிறகு, சனிக்கிழமை வியாபாரத்தை விட்டு ஷட்டரை இறக்கினாள். ஒரு பக்கெட்டும் ஒரு வலையும் ஒரு கட்டு கவரும் எடுத்துக்கொண்டு அவனோடு பஸ் ஏறினாள்.

வந்து தொட்டிக்கு எதிரே குந்தினாள்.

"உன் பஸ்ல எத்தினி சீட்டுண்ணா?"

"நாப்பத்தஞ்சு."

"நிக்க வுடுவியா?"

"சேச்சே. சீட்டு இருந்தாதான் ஏத்துவேன்."

"இங்க மட்டும் இன்னா, எல்லாம் ஃபுட்போர்டு அடிச்சிகினு வருதுங்க?"

வரதனுக்குச் சிரிப்பு வரவில்லை. காயத்ரிக்கு வந்தது. சிரித்து, இருமி, மூச்சு திரும்பியதும், வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுச் சலித்த தன் கேள்வியை இவளிடமும் கேட்டாள். மார்கரெட் சிரிக்காமல் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அந்தத் தண்ணிலயேதான் கண்ணு. ஒண்ணுக்கும் அதுல, ரெண்டுக்கும் அதுல. நாலு பேர் இருந்தா தண்ணி தாங்கிக்கும். இத்தினி பேர் இருந்தா, பாவம், அதையேதான உள்ள இழுக்கணும்?"

காயத்ரி தொட்டியைப் பார்த்துவிட்டு, அப்ப அதுங்களுக்கும் வீசிங்கா என்றாள். ஆமாம் என்றாள் மார்கரெட். தமிழ்ச்செல்வி அப்போதுதான் தன் பயத்தை வெளியே சொன்னாள். கொடுத்தவர்கள் மனசு நோகும், சாமிக்கும் அடுக்காது என்று அழுதாள்.

"குடுத்தவங்க மனச நீ அன்னிக்கே வாங்கி வச்சிகினக்கா. மீனு அது வந்த கவருதான்" என்றாள் மார்கரெட்.

பிறகு எது யார் கொடுத்தது என்று கேட்டாள். தமிழ்ச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு மீனாகக் காட்டி, கொடுத்தவரின் பெயரைச் சொல்லிக் கைகூப்பினாள். கடைசிப் பெயர் சொல்லி முடிந்ததும் மார்கரெட் தொட்டியின் மூடியைத் தூக்கினாள். வலையைத் தண்ணீரில் வைக்கும் முன்னமே மீன்கள் எழும்பின.

தங்கமீன்கள் பத்தும் முதலில் போயின. அவை மாமல்லபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் வாசலில் காலியாகக் கிடந்த பெரிய சிமெண்டுத் தொட்டியில் இறங்கின. டைகர் பார்ப் எட்டும் பிரியாமல் ஒன்றாகக் கல்பாக்கம் பஸ்ஸில் ஏறின. மூன்றடிக்குக் குறைவு என்பதால் கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லை. ஃபைட்டர்களில் ஒன்று இடப்பக்கம் திரும்பியது, மற்றது வலப்பக்கம் திரும்பியது. இடப்பக்கம் போனது சாரதாம்பாளின் தையல் மிஷின் மேல் இருந்த கண்ணாடி ஜாடியில் தனியாகக் குடியேறியது, தனியாக இருந்த அவளுக்கும் பேச்சுத்துணை ஆயிற்று. சக்கர்கள் தரையோடு தரையாகப் போனதால் சற்று நேரமாயிற்று. கிழிந்த துடுப்போடு ஏஞ்சல்கள் மெல்லப் போயின, தெருப்பிள்ளைகள் அவற்றுக்கு வழிவிட்டு நடந்தார்கள். எந்த வீட்டில் இடம் இருந்ததோ அந்த வீட்டில்தான் போய் நின்றன என்பதும், எங்கேயும் கதவு சாத்தவில்லை என்பதும் பிற்பாடு விசாரித்ததில் தெரிந்தது.

ஆஸ்கர் மட்டும் வாசலைத் தாண்டவில்லை. அதற்கு எங்கேயும் இடம் இல்லை. மார்கரெட் சிறிது யோசித்துவிட்டு, வாடா என்று கூப்பிட்டாள். அது அவள் தோளுக்கு மேலே மிதந்தபடி பொத்தேரிவரை போனது. கடை முகப்பில் விலை உயர்ந்த மீன்களை வைத்திருந்த ஐந்தடித் தொட்டியைக் காலி செய்து, அதில் அதை விட்டாள். அப்படிப்பட்ட மீனை யாரும் வாங்கமாட்டார்கள். பத்து வருஷத்துக்கு மேல் உயிரோடும் இருக்கும். தொட்டியைக் காலி செய்ததை அவள் வரதனிடம் சொல்லவில்லை. அடுத்த வாரம் தீனி வாங்கப் போனவன் கண்ணாலேயே பார்த்தான்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் காயத்ரி பல மாதங்களுக்குப் பிறகு மல்லாந்து படுத்துத் தூங்கினாள். தொட்டியில் நாலு கப்பியும் மூன்று மோலியும் இருந்தன. அடுத்த தடவை டாக்டர் மீன் ஏழு என்று எழுதி, இனி வரவேண்டாம் என்றார். பன்னீர்செல்வம் இரண்டு நாள் முறுக்கிக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் பொத்தேரிக்குப் போய், ஐந்தடித் தண்ணீரில் திரும்பித் திரும்பி நீந்தும் தன் மீனைப் பார்த்துவிட்டு வந்தான். அதன்பின் தங்கை வீட்டுக்கு வெறுங்கையோடு வந்து, மருமகளோடு விளையாடிவிட்டுப் போகப் பழகினான். காயத்ரி இப்போது ஏழாவது படிக்கிறாள். பள்ளிக்கூடக் கபடியில் மூச்சு விடாமல் பாடிக்கொண்டு போய்த் தொட்டுவிட்டு வருவது அவள்தான்.

மீன்கள் போன அந்தச் சனிக்கிழமைக்கு ஐந்து வருஷம் கழித்து மார்கரெட்டுக்கு டெங்கு வந்தது. கடையைப் பூட்டக்கூட நேரமில்லாமல் செங்கல்பட்டில் அட்மிட் ஆனாள், ஒன்பது நாள் கிடந்தாள். மீன் ஒன்றும் மிஞ்சியிருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டு வந்து ஷட்டரைத் தூக்கினால், பதினெட்டுத் தொட்டியிலும் தண்ணீர் பளிங்காக இருந்தது. ஒன்றுகூடச் சாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று, கர்த்தர் தமது தூதனை அனுப்பித் தண்ணீர் மாற்றினார் என்று அழுதுகொண்டே சொன்னாள். பொத்தேரியில் யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. தீனி வாங்கப் போன வரதனிடமும் சொன்னாள். "அனுப்பிருப்பாரும்மா" என்றான் அவன். அதை அவனும் நம்பினான்.

அந்த ஒன்பது நாளும் அவன் மறைமலைநகரில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஹாஸ்டல் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரமாகப் பார்த்து அவள் கடைக்குப் போனான். பின்கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, கம்பி ஒன்றைச் சுற்றி வைத்திருப்பாள். முந்தின நாளே டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து, தொட்டிக்குக் கால் பங்கு மாற்றுவான். தண்ணீரை வடிகட்டும் ஸ்பாஞ்சைக் கழுவிப் போடுவான். ஒரு சிட்டிகை தீனி, அதற்குமேல் இல்லை. கம்பியைப் பழையபடி சுற்றிவிட்டு வெளியே வரும்போது முழங்கால்வரை நனைந்திருப்பான். ஐந்து மணிக்கு வண்டி எடுப்பதற்குள் வெயிலில் அது காய்ந்துவிடும்.