பேச்சாளர் நான்கு

நான்கு வருடம் ஆராய்ச்சி செய்து நான் கண்டுபிடித்த உண்மை, எங்கள் வீட்டில் காது கேட்கிற எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும்: அத்தை யாரையும் பேசி முடிக்க விடமாட்டார்.

சாப்பாட்டு மேசையில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து, பதினோரு மணி நேரப் பேச்சைப் பதிவு செய்திருந்தேன். இருமலையும் கரண்டிச் சத்தத்தையும்கூட விடாமல் அதை எழுதி முடிப்பதற்குள் என் கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. குறுக்கீடுகளின் அட்டவணையில் 'பேச்சாளர் 4' இருநூற்றுப் பன்னிரண்டு முறை. 'பேச்சாளர் 5' தொடங்கிய வாக்கியங்கள் ஒன்பது, முடித்தவை இரண்டு. யார் பெயரும் வெளியே வராது என்று சொல்லித்தான் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தேன். ஆனால் வாய்மொழித் தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது, பேச்சாளர் 5, அதாவது மாமா, மேசையில் கிடந்த ஆய்வேட்டைப் புரட்டினார். அந்த அட்டவணை வந்ததும் கண்ணில் நீர் வரச் சிரித்துத் தொலைத்தார்.

அத்தை எட்டிப் பார்த்தார். அவ்வளவுதான், வீடு இரண்டுபட்டது.

"இருநூத்திப் பன்னெண்டா? நான் பாட்டுக்கு உனக்கு ருசியா ஆக்கிப் போட்டா, நீ உக்காந்து நான் பேசறதை எண்ணிக்கிட்டு இருந்தியா?"

"அத்தை, அது தப்புன்னு நான் எழுதலை. முழுசாப் படிச்சீங்கன்னா–"

"வயிறு இன்னும் எரியும். அதானே?"

இருநூற்றுப் பதின்மூன்று என்று மனசு தானாக எண்ணியது. வாயைத் திறக்கவில்லை; எனக்கு உயிர் மேல் கொஞ்சம் ஆசை இருந்தது.

அத்தை தன் ஒப்புதல் தாளைக் கேட்டு வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். தேர்வு முடிவு சொல்லும் வரை எப்போது வேண்டுமானாலும் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. அப்படித் தட்டச்சு செய்த புத்திசாலி நான்தான். அவர் விலகினால் அவர் பேச்சு முழுவதையும் அழிக்க வேண்டும். அதை அழித்தால் மிஞ்சுவது கரண்டிச் சத்தம்தான். என் பட்டம் கோவிந்தா.

தேர்வன்று கடைசி வரிசையில் அத்தையும் மாமாவும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை மடியில் ஓர் உறை, மேலே 'துறைத் தலைவருக்கு' என்று எழுதியிருந்தது. விலகல் கடிதமேதான் என்று நினைத்தேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அட்டவணையில் விரலை வைத்தார். "இத்தனை தடவை குறுக்க பேசறவங்களை, அன்பா பேசறாங்கன்னு எழுதியிருக்கீங்க. இதுக்குப் பேரு அதிகாரம் இல்லையா?"

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டிய பதில். ஆனால் என் கண் அந்த உறையை விட்டு நகரவில்லை.

"ஐயா, அது வந்து... ஒருத்தர் பேச்சு பாதியில நிக்கும்போது... அவங்களை..." என் நெறியாளர் தண்ணீரை என் பக்கம் தள்ளினார்.

"அப்படித் தவிக்க விட மனசு வராது. அதைத்தான் சொல்ல வர்றா," என்றது கடைசி வரிசை.

எல்லாத் தலைகளும் திரும்பின. நெறியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நீங்க யாரும்மா?" என்றார் தேர்வாளர்.

"பேச்சாளர் நாலு."

அத்தை பெயரை மறைக்க நான் பட்ட பாடெல்லாம் காற்றில் போனது. அறையே சிரித்தது. தேர்வாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மத்தவங்க பேசி முடிக்கட்டும்னு உங்களுக்கு–" என்றார்.

"தோணாதான்னு கேக்கறீங்க. முடிக்கறவங்க முடிக்கட்டுமே, யார் வேண்டாம்னா?"

"பேச்சாளர் அஞ்சும் வந்திருக்காரா? இவங்க குறுக்கிடறது உங்களுக்குக் கஷ்டமா இருக்கா சார்?"

மாமா எழுந்தார். "எனக்கு..." என்றார். அதோடு நின்றுவிட்டார்.

பழக்க தோஷம், நொடிகளை எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. பதினோரு மணி நேரப் பதிவில் அத்தை ஒரு நொடிகூடக் காத்திருந்ததில்லை. இப்போது இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாமா பரிதாபமாகத் திரும்பினார். "என்ன பாத்துக்கிட்டே இருக்க? சொல்லேன்!"

அத்தை கையை எடுத்துப் பெருமூச்சு விட்டார். "அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லையாம். பசிக்குதாம்."

தேர்வாளர் குலுங்கிச் சிரித்ததில் அவர் பேனா உருண்டு கீழே விழுந்தது. பிறகு முடிவைக் கலந்து பேச வேண்டும் என்று எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள்.

தாழ்வாரத்தில் அத்தை உறையை என் கையில் திணித்தார். பயந்துகொண்டே பிரித்தேன். 'பேச்சாளர் 4 ஆகிய நான், என் ஒப்புதலை இத்துடன்' என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

"அத்தை, இது பாதியில..."

அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். "நாலு நாளா அதுக்கு மேல பேனா ஓடலைடி. நீயே முடிச்சுக்கோ."

தாளைச் சுவரில் வைத்து, 'மனமார உறுதி செய்கிறேன்' என்று எழுதினேன். சொரசொரப்பான சுவரில் எழுத்து கோணியது. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கோணல் எழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

கதவு திறந்தது. நெறியாளர் தலையை நீட்டினார். "வாழ்த்துகள்! இனிமே நீங்க–"

"டாக்டர்!" என்று ஒரு குரல் முந்திக்கொண்டது.

மாமா. அத்தை திறந்த வாய் மூடாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.