பதினெட்டு அங்குலம்

மார்க்கர்க்காரி அந்த லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நடந்த கூத்து இருக்கிறதே, சொல்லி மாளாது. சாப்பாட்டு மேசைமேல் வைத்துத் திறந்ததும் நாத்தனார் இரண்டடி பின்வாங்கி நின்றாள். திரை மட்டும் பதினெட்டு அங்குலம்.

"என்ன அண்ணி, கடைக்காரன் கதவையே கழட்டிக் குடுத்துட்டானா?"

கணவர் அதைத் தூக்கிப் பார்த்தார். நாளெல்லாம் வேனில் சாமான் ஏற்றி இறக்குகிற மனுஷன், வேண்டுமென்றே முக்கினார். "இதை மடியில வச்சுக்கிட்டா அப்புறம் என்னை எழுப்பி விட ஆள் வேணும்."

"உங்க மடிக்கு யார் வாங்கினா? இது என் மேசைக்கு," என்றாள் அவள். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டாள். மறுநாளே பழைய துணியை இரண்டு மடிப்பாக வைத்து, உள்ளே பஞ்சு கொடுத்து, அதற்கென்று ஒரு பை தைத்துக்கொண்டாள். கடையில் விற்கிற எந்தப் பையிலும் அது நுழையவில்லை என்பதை மட்டும் நாத்தனாரிடம் சொல்லவில்லை.

அவளுக்கு ஏன் அவ்வளவு பெரியது? தொழில் அப்படி. உடுப்புத் தொழிற்சாலையில் துணியை அடுக்கடுக்காக விரித்து ஒரே வெட்டாக வெட்டுவார்கள். அந்தத் துணிமேல் முதுகு எங்கே, கை எங்கே, காலர் எங்கே என்று காட்டும் நீளப் படம்தான் மார்க்கர். துண்டுகளை நெருக்கி அடுக்கினால் துணி மிச்சம். தப்பாக அடுக்கினால் அத்தனை அடுக்கும் குப்பை. பதினான்கு வருஷம் ஒரு கம்பெனியில் அந்த வேலையைச் செய்தாள். அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். வீட்டிலிருந்தே செய்யலாம் என்று இறங்கினாள். வீடோ இரண்டே அறை, ஒரே மேசை. அதில் மூன்று வேளை சாப்பாடு, சாயங்காலம் மகளின் வீட்டுப்பாடம். பெட்டி கம்ப்யூட்டர் வைக்க இடமில்லை. சின்ன லேப்டாப்பில் ஆறரை மீட்டர் மார்க்கரைப் பார்ப்பது சாவித்துவாரம் வழியாகக் கல்யாணம் பார்ப்பதுதான். ஆகவே இது. காலையில் விரிப்பாள், சாப்பாட்டு நேரத்தில் மடித்து அலமாரி மேலே ஏற்றுவாள், பாத்திரம் எடுத்ததும் மறுபடி விரிப்பாள்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. சார்ஜர் ஒரு செங்கல் கனம். ஒயரைப் பிடுங்கினால் ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. சூடேறினால் விசிறி பெருமூச்சு விடும். அவள் அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை.

முதல் பெரிய வேலை குளிர்கோட்டுகள். ஒரு மார்க்கரில் நான்கு அளவில் நான்கு கோட்டு, நூற்றிருபது அடுக்கு. தொழிற்சாலை முதலாளியம்மா சொல்லியிருந்தார்: "இது நல்லா வந்தா சீசன் முழுக்க உங்களுக்குத்தான்." அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் வேறு எதையும் தேடாமல் இருந்தாள். மார்க்கரை அனுப்பி நான்கு நாள் கழித்து ஒரு காலையில் போன் வந்தது. பேசியது தயாரிப்பு மேலாளர். எதைப் பேசினாலும் சதவீதத்தில் பேசுவதால் தொழிற்சாலையில் அவருக்குப் பெயரே சதவீதம்.

"மேடம், உங்க மார்க்கரை நானே கொஞ்சம் சரி பண்ணிட்டேன். ஆறு சென்டிமீட்டர் மிச்சம். பதினொரு மணிக்கு வெட்டுறோம், வந்து பாருங்க. கத்துக்கிட்ட மாதிரி இருக்கும்."

மார்க்கரை உள்ளேயே போட்டுக்கொள்ளலாம், வெளியாள் எதற்கு என்று முதலாளியம்மா முன்னால் காட்டத்தான் இந்த அழைப்பு. அது புரியாத அளவுக்கு அவள் பச்சைப்பிள்ளை இல்லை.

"என்ன, முகமே சரியில்ல?" என்றார் கணவர். சொன்னாள். அவர் கேலி ஒன்றும் பேசவில்லை. பையைத் தானே தூக்கி வேனில் முன்சீட்டில் வைத்து, அவளைத் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

வெட்டும் கூடத்தில் நீள மேசை. அதன்மேல் நூற்றிருபது அடுக்குத் துணி, அச்சு விழுந்த பக்கம் எல்லா அடுக்கிலும் மேல்நோக்கி. உச்சியில் மார்க்கர் அச்சிட்ட தாள். கட்டிங் மாஸ்டர் கத்தி மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய ஆள் ஒருத்தர். முதலாளியம்மா கைகட்டி நின்றார். சதவீதம் தன் மெல்லிய லேப்டாப்பை ஒரு கையில் தட்டுபோல ஏந்திக்கொண்டு, அவள் பையிலிருந்து எடுத்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன மேடம், குடி வந்துட்டீங்களா?"

"ஆமா சார், மூட்டை முடிச்சோட வந்துட்டேன். அந்த ஃபைலைக் குடுங்க, ஒரு தடவை பாத்துக்கறேன்."

கோபத்தில் கேட்டாலும் அதில் உண்மையான ஆவலும் இருந்தது. அந்த ஆறு சென்டிமீட்டருக்காக ஒன்றரை நாள் மல்லுக்கட்டிவிட்டு, முடியாது என்று விட்டவள் அவள். இந்த மனுஷன் எப்படிக் கண்டுபிடித்தார்? நம்மைவிடக் கெட்டிக்காரரோ? அந்த நினைப்பே உடம்பை எரித்தது.

ஓரத்து ஸ்டூலில் வைத்துத் திறந்தாள். காலையெல்லாம் வேலை பார்த்ததில் பேட்டரி சிவப்பில் இருந்தது. தன்னுடைய மார்க்கரை மேலே போட்டாள், சதவீதத்தின் மார்க்கரைக் கீழே போட்டாள். இரண்டும் தலை முதல் கால் வரை ஒரே திரையில் நீட்டி நிமிர்ந்து படுத்தன. இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டிக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றுவிட்டாள். மேலே இருந்த கை ஒரு பக்கம் பார்த்தது, கீழே அதே கை கண்ணாடியில் தெரிவதுபோல மறுபக்கம் பார்த்தது.

அட பாவி மனுஷா!

"மாஸ்டர், நிறுத்துங்க!" என்று கத்தினாள். கத்தி மிஷின் அதற்குள் இரைய ஆரம்பித்திருந்தது, யார் காதிலும் விழவில்லை. மாஸ்டர் தாளின் ஓரத்துக்குக் கத்தியைக் கொண்டுபோனார். அவள் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள். சத்தம் அடங்கியது. துணிக்கு ஒரு சாண் முன்னால் கத்தி நின்றது.

"யாரும்மா அது! விளையாட்டா இருக்கா?"

"விளையாட்டு இல்ல மாஸ்டர், இங்க வாங்க. எல்லாரும் வாங்க." காலியான அந்தப் பிளக் பாயிண்டில் தன் செங்கல் சார்ஜரைச் செருகிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"என்ன நாடகம் இது?" என்றார் சதவீதம். "பொறாமைன்னா ஒரு அளவு வேணாமா?"

முதுகு, முன்பக்கம், காலர், பை எல்லாவற்றையும் அவள் திரையிலிருந்து மறைத்தாள். இரண்டு மார்க்கரிலும் கைகள் மட்டும் நின்றன. ஐந்து தலைகள் திரைமுன் கூடின. யாரும் யாரையும் இடிக்கவில்லை, அத்தனை பேருக்கும் தெரிந்தது.

"கையோட முன்பக்கம் ஒரு வெட்டுக்குறி, பின்பக்கம் ரெண்டு. இதை வச்சு எது இடது, எது வலதுன்னு நீங்களே எண்ணுங்கம்மா."

முதலாளியம்மா திரைமேலேயே விரல் வைத்து எண்ணினார். மேலே நான்கு இடது, நான்கு வலது. கீழே எண்ணினார். நிறுத்தினார். மறுபடி எண்ணினார். "அஞ்சு இடது. மூணு வலது."

"கண்ணாடி போடாமலே எனக்குத் தெரியுதே," என்றார் மாஸ்டர். "நூத்திருபது கோட்டுக்கு வலது கையே இருந்திருக்காது. துணி ஒரு பக்கம்தான் அச்சு, திருப்பியும் தைக்க முடியாது."

"இந்தத் துணி மறுபடி அச்சடிக்கவே மாசக் கணக்காகும்," என்றார் முதலாளியம்மா. அந்த ஸ்டூலைத் தவிர வேறு ஸ்டூல் இல்லாததால் துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

சதவீதத்தின் முகத்தில் ஈயாடவில்லை. "தப்பா இருந்தா சாஃப்ட்வேர் சொல்லியிருக்குமே?"

"சொல்லியிருக்குமே சார். கையைப் புரட்டிப் போடட்டுமான்னு கேட்டிருக்கும்."

"ஏதோ கேட்டுச்சு. சரின்னு அழுத்தினேன். அந்த மூலையை மட்டும் பெரிசு பண்ணிப் பாத்தேன், கச்சிதமா உக்காந்துச்சு."

"மூலையில கச்சிதம்தான் சார். அந்தக் கையோட ஜோடி நாலு மீட்டர் தள்ளி இருக்கு. ரெண்டையும் நீங்க ஒண்ணா பாக்கவே இல்லையே." சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் இனிக்கத்தான் செய்தது. இனிக்காது என்று சொன்னால் அது பொய்.

பிறகு முதலாளியம்மாவைப் பார்த்தாள். "அரை மணி நேரம் குடுங்கம்மா. அங்க இடம் இருக்குங்கறது நிஜம். அதைக் கண்டுபிடிச்சது சார்தான், அதுல மறுப்பே இல்ல."

அத்தனை பேர் பார்க்க ஸ்டூல்முன் மண்டியிட்டு வேலையில் இறங்கினாள். புரட்டிய கையை நிமிர்த்தினாள். காலரைப் பிரித்துத் தூரத்துக்கு அனுப்பினாள், இரண்டு பைத் துண்டுகளைக் கீழே இறக்கினாள். விசிறி பெருமூச்சு விட்டது. ஒரு துண்டை இங்கே நகர்த்தினால் அங்கே என்ன ஆகிறது என்று மொத்தமும் கண்முன்னால் இருந்தது. மாஸ்டர் பின்னாலிருந்து, "அந்தக் கையை எதிர்ப்பக்கக் கையோட முகம் பாக்க வைம்மா," என்றார். வைத்தாள். பூட்டும் சாவியுமாகப் பொருந்தியது. நீளத்தைப் பார்த்தாள். இன்னொரு தரம் பார்த்தாள்.

"எத்தனை?" என்றார் முதலாளியம்மா.

"ஒம்பது சென்டிமீட்டர் மிச்சம்மா. எல்லாக் கைக்கும் ஜோடி இருக்கு."

மாஸ்டரின் ஆள் கைதட்டியே விட்டார். முதலாளியம்மா எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "சீசன் முழுக்க நீங்கதான். இங்கேயே ஒரு ரூம் தரேன், கம்ப்யூட்டரும் வாங்கிப் போடறேன்."

"ரூம் வேணாம்மா. கம்ப்யூட்டரும் வேணாம். எனக்கு இது போதும், கூப்பிடும்போது நானும் இதுவுமா ரெண்டு பேரும் வந்துடறோம்."

புதுத் தாள் அச்சாகி வந்தது. பழையதைச் சுருட்டி எறிந்துவிட்டு இதை விரித்து ஒட்டினார்கள். மாஸ்டர் கத்தி மிஷினைக் கையில் எடுத்தார். சதவீதம் பழக்கதோஷத்தில், "ம், ஆகட்டும்," என்று கையசைத்தார். மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மார்க்கர்க்காரியைத்தான் பார்த்தார்.

"என்னம்மா, வெட்டட்டுமா?"

பதினான்கு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் மீட்டர் துணிக்கு மார்க்கர் போட்டிருக்கிறாள். இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. கூடமே அவளுடைய வாயைப் பார்த்துக் காத்திருந்தது.

"வெட்டுங்க மாஸ்டர்," என்றாள்.